பிள்ளைக்கு வாப்பா வேண்டும்

 

ஒரு நாள் மஃரிபு தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பிறகு, பள்ளிவாசல் திண்ணையில் ஒரு சகோதரர் எனக்காகக் காத்திருந்தார். வளைகுடா நாடொன்றில் வேலை பார்ப்பவர். இரண்டு வருடம் ஒன்பது மாதம் கழித்து, நாற்பது நாள் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்று ஆரம்பித்தார். ஆனால் மஸ்அலா வரவில்லை. தொப்பியைக் கழற்றி மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு சொன்னார்:

"நேற்று ராத்திரி நான் தூங்கிட்டேன்னு நினைச்சு, என் மகன் அவன் உம்மாகிட்ட கேட்கிறான் ஹஜ்ரத். 'உம்மா, இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?'ன்னு கேட்கிறான்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவர் சபருக்குப் போனபோது அந்தப் பிள்ளைக்கு ஒன்பது மாதம். இப்போது மூன்றரை வயது. தினமும் செல்போனில் வாப்பாவின் முகத்தைப் பார்க்கிறவன்தான். ஆனால் போனுக்குள் இருக்கும் வாப்பா வேறு, வீட்டுக்குள் வந்து உம்மாவின் பக்கத்தில் உட்காரும் இந்த மனிதர் வேறு என்று அந்தப் பிஞ்சு உள்ளம் கணக்குப் போட்டிருக்கிறது. இவர் கை நீட்டிக் கூப்பிட்டால் உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறானாம்.

"மாசம் தவறாமப் பணம் அனுப்புறேன். ஒரு வக்துத் தொழுகையை விட்டதில்லை. தப்பான வழிக்குப் போனதில்லை. பிள்ளை விஷயத்தில் நான் என்ன குறை வைச்சேன், நீங்களே சொல்லுங்க" என்றார்.

"சின்னப் பிள்ளைதானே, நாலு நாளில் பழகிவிடுவான்" என்று ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பி வைத்தேன். அறைக்குத் திரும்பிய பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அவர் கேட்டது மஸ்அலாதான். நான்தான் அதற்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன் என்று பட்டது. அந்தக் கடனை இந்தப் பக்கங்களில் அடைக்க நாடுகிறேன்.

முதலில் அந்தச் சகோதரருக்கு நியாயம் செய்வோம். கொதிக்கும் வெயிலில் நின்று உழைத்து, ஒரே அறையில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுத்து, தனக்கென்று ஒரு நல்ல சட்டை எடுக்கவும் யோசித்து, மிச்சம் பிடித்து அனுப்புகிறாரே, அந்தக் காசு சாதாரணக் காசல்ல. அல்லாஹ்வின் பாதையில் செலவிட்டது, அடிமையை விடுதலை செய்யச் செலவிட்டது, ஏழைக்குத் தர்மம் செய்தது, தன் குடும்பத்துக்குச் செலவிட்டது என்று நான்கு தீனார்களை எண்ணிக் காட்டி, இவற்றில் நற்கூலியால் மகத்தானது குடும்பத்துக்குச் செலவிட்டதே என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முஸ்லிம் ஷரீபில் இந்த ஹதீஸ் பதிவாகியிருக்கிறது. ஆகவே சபுராளியின் வியர்வையை யாரும் இலேசாகப் பேசிவிட வேண்டாம்.

நம்முடைய கடலோர ஊர்களுக்குச் சபர் புதிதும் அல்ல. பாட்டனார் காலத்தில் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர். 1973-இல் எண்ணெய் விலை ஏறி அரபு நாடுகளில் வேலை பெருகிய பிறகு வளைகுடா. கப்பல் போய் விமானம் வந்தது. கடிதத்தோடு கூட ஒலிநாடாவில் பேசி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. வீடே கூடி உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்கும். அதுவும் போய் இன்று வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறோம். சபர் மாறவில்லை, வாப்பா வீட்டில் இல்லாத வீடும் மாறவில்லை.

நாம் செய்த பிழை எங்கே என்றால், இரண்டு கடமைகளை ஒன்றாக நினைத்துவிட்டோம். பிள்ளைக்குச் செலவு செய்வது, அதாவது நஃபகா, ஒரு கடமை. பிள்ளையை வளர்த்து ஆளாக்குவது, அதாவது தர்பியத், மற்றொரு கடமை. முதலாவதை நிறைவேற்றிவிட்டால் இரண்டாவதும் தலையிலிருந்து இறங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டோம். லுஹர் தொழுதவருக்கு அஸர் கடமை நீங்கிவிடுமா? ஏழு வயதான பிறகு பிள்ளைகளுக்குச் சுத்தத்தின் சட்டங்களையும் தொழுகையையும் கற்றுக்கொடுப்பது தந்தையர், தாயர் இரு சாரார் மீதும் வாஜிபு என்று ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உஸ்தாத் வைத்துக் கற்பிக்க ஆகும் கூலி யார் பொறுப்பு என்பதைத் தனியாகப் பேசுகிறார்கள். பணம் தனி, கற்பித்தல் தனி என்பது ஃபிக்ஹு கிதாபுகளிலேயே தெளிவாக இருக்கிறது.

இப்போது திருமறையைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசுகிறவர்களாக அல்லாஹுத்தஆலா அதிகமாக யாரைக் காட்டுகிறான்? தந்தையரை! மூஸா (அலை) அவர்களின் தாயார், மர்யம் (அலை) அவர்களின் தாயார் ஆகியோரின் சிறப்பும் திருமறையில் உண்டு. தாய் சுமந்த சுமையை மறக்கக் கூடாது என்ற கட்டளையும் உண்டு. ஆனால் "யா புனைய்ய" என்றொரு சொல் இருக்கிறது. வெறும் "மகனே" என்பதல்ல அதன் பொருள். அரபியில் அது சிறுமைப்படுத்திச் சொல்லும் வடிவம். செல்லம் கொஞ்சுகிற வடிவம். "என் சின்ன மகனே", "என் கண்ணான மகனே" என்று நாம் சொல்வது போல. இந்த அழைப்பு திருமறையில் ஆறே இடங்களில் வருகிறது. ஆறும் தந்தையரின் வாயிலிருந்து வருகிறது. ஹூது சூராவின் 42-ஆம் வசனத்தில் நூஹ் (அலை) அவர்கள். யூஸுஃப் சூராவின் 5-ஆம் வசனத்தில் யஃகூபு (அலை) அவர்கள். லுக்மான் சூராவின் 13, 16, 17-ஆம் வசனங்களில் லுக்மானுல் ஹகீம் அவர்கள். ஸாஃப்ஃபாத் சூராவின் 102-ஆம் வசனத்தில் இப்ராஹீம் (அலை) அவர்கள். நான்கு தந்தையர்!

இவர்களில் நூஹ் (அலை) அவர்களின் மகன் தந்தையின் மார்க்கத்தை விட்டுப் போனவன். மலை போன்ற அலைகளுக்கு நடுவே, இனி அவன் வரமாட்டான் என்று தெரியக்கூடிய அந்தக் கடைசி நேரத்திலும், "யா புனைய்ய, எங்களோடு ஏறிக்கொள்" என்ற பொருள்பட அழைக்கிறார்கள். அழைப்பில் கடுமை இல்லை. நம் பிள்ளை ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்து வந்தால் நாம் எந்தச் சொல்லால் அழைக்கிறோம் என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் யூஸுஃப் (அலை) அவர்களுடையது. சிறு பிள்ளை ஒரு கனவு காண்கிறார்கள். பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணியக் காண்கிறார்கள். விடிந்ததும் அதை யாரிடம் போய்ச் சொல்கிறார்கள்? தந்தையிடம்! தந்தை, "காலையிலேயே கனவா? போய் வேலையைப் பார்" என்று சொல்லவில்லை. கேட்கிறார்கள். அதன் பொருளை உணர்கிறார்கள். உன் சகோதரர்களிடம் இதைச் சொல்லிவிடாதே என்று பிள்ளைக்குக் காவலும் சொல்கிறார்கள். பிள்ளை தன் கனவைக் கொண்டுவந்து கொட்டும் மடியாக அந்தத் தந்தை இருந்தார்கள். இது ஒரே காலையில் வந்துவிடக்கூடிய நெருக்கமா? அதற்கு முன்னால் எத்தனை சிறிய பேச்சுகளை அவர்கள் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்!

இன்னொரு வசனத்தையும் கவனியுங்கள். பகரா சூராவின் 233-ஆம் வசனம் பால்குடியைப் பற்றிப் பேசுகிறது. தாய் பாலூட்டுகிறாள், அவளுடைய உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு. சரி, பால் மறக்கடிப்பது எப்போது? அது பெண்கள் காரியம் என்று நாம் சொல்லிவிடுவோம். அல்லாஹ்வோ, இருவரும் மனமொத்து, இருவரும் கலந்தாலோசித்துச் செய்வதாக அதைக் குறிப்பிடுகிறான். "தஷாவுர்" என்ற சொல் அங்கே வருகிறது. நாட்டு நிர்வாகத்துக்கு மஷூரா என்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு மஷூரா என்கிறோம். ஒரு கைக்குழந்தையின் பாலுக்கும் அல்லாஹ் மஷூராவை வைத்திருக்கிறான். நம்மில் எத்தனை பேருக்குத் தன் பிள்ளைக்கு எந்த மாதம் பால் மறக்கடித்தார்கள், அது எத்தனை இரவு அழுதது என்று தெரியும்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கைக்கு வருவோம். பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்தவர்கள் அவர்கள். தந்தையின் மடி எப்படி இருக்கும் என்று அறியாமல் வளர்ந்த அந்த மாமனிதர் எப்படிப்பட்ட தந்தையாக இருந்தார்கள்!

மாரியா (ரலி) அவர்களிடம் பிறந்த மகன் இப்ராஹீம், மதீனாவின் புறத்தே மேட்டுப் பகுதியில் ஒரு கொல்லரின் வீட்டில் பால்குடிக்க விடப்பட்டிருந்தார். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்: நபியவர்கள் அங்கே போவார்கள், நாங்களும் கூடப் போவோம், உள்ளே நுழைந்தால் வீடெல்லாம் உலைப்புகை மண்டிக் கிடக்கும், குழந்தையை வாங்கி முத்தமிடுவார்கள், பிறகு திரும்பி வருவார்கள். இதுவும் முஸ்லிம் ஷரீபில் உள்ளது. அவ்வளவுதான் செய்தி. குழந்தை பேசியதாக இல்லை. வேறு எந்தக் காரியத்துக்காகப் போனதாகவும் இல்லை. வஹீ இறங்கிக்கொண்டிருக்கிறது, தூதுக் குழுக்கள் வந்துகொண்டிருக்கின்றன, ஒரு சமுதாயத்தின் பாரமெல்லாம் தோளில் இருக்கிறது. அதற்கு நடுவில் ஒரு புகை மண்டிய வீட்டுக்கு, ஒரு முத்தத்துக்காக நடந்து போகிறார்கள். அந்தக் குழந்தை இரண்டு வயது நிறையும் முன் வஃபாத்தாகிவிட்டது. நபியவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன.

உம்மு ஸலமா (ரலி) அவர்களை நபியவர்கள் மணந்தபோது, அவர்களுடைய முந்திய கணவரின் பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். அவர்களில் உமர் என்றொரு சிறுவர். சாப்பாட்டுத் தட்டில் அவர் கை அங்குமிங்கும் ஓடியது. பிஸ்மில்லாஹ் சொல், வலக் கரத்தால் சாப்பிடு, உன் பக்கத்தில் உள்ளதை எடுத்துச் சாப்பிடு என்று நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அதன் பிறகு என் சாப்பாட்டு முறை அப்படியே அமைந்துவிட்டது என்று அந்தப் பிள்ளை பெரியவரானதும் சொன்னதைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். இந்த ஹதீஸை எல்லா மக்தபிலும் ஓதிக்கொடுக்கிறோம். நானும் ஓதிக்கொடுக்கிறேன். ஆனால் அதில் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். பிள்ளையின் கை தட்டில் ஓடியதை நபியவர்கள் எப்படிக் கண்டார்கள்? ஒரே ஸஹனில் கூட உட்கார்ந்து சாப்பிட்டதால் கண்டார்கள்! அதுவும் தாம் பெறாத பிள்ளையோடு. நம் ஊர்களில் ஸஹன் இருக்கிறது. கல்யாண வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வீட்டில் வாப்பாவுக்குத் தனித் தட்டு, தனி நேரம்.

சரி, இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மனைவியையும் பால்குடிப் பிள்ளையையும் மக்காவில் விட்டுவிட்டுப் போகவில்லையா, நாங்கள் போவதில் என்ன என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த நீண்ட ஹதீஸைப் புகாரியில் முழுவதும் படிக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோல்பை தண்ணீரும் வைத்துவிட்டு அவர்கள் புறப்பட்டபோது, இது அல்லாஹ்வின் கட்டளையா என்று ஹாஜர் (அலை) அவர்கள் கேட்டார்கள். ஆம் என்ற பதில் வந்த பிறகே, அப்படியானால் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்று திரும்பினார்கள். நம்மை விட்டுப் போகச் சொன்னது யார்? வஹீயா, கடனா, பக்கத்து வீட்டுக்காரரின் மாடி வீடா? அதோடு, அந்தத் தந்தை மனைவி மக்களின் கண்ணுக்கு மறையும் கணவாய்க்குப் போனதும் திரும்பி நின்று கையேந்தி அழுத துஆவைத்தான் இப்ராஹீம் சூராவின் 37-ஆம் வசனத்தில் இன்றும் ஓதுகிறோம். பிள்ளை தம்மோடு ஓடியாடும் வயதை அடைந்தபோது தந்தை பக்கத்தில் இருந்ததை ஸாஃப்ஃபாத் சூரா சொல்கிறது. அறுத்துப் பலியிடுவதாகக் கனவு கண்ட அந்த மாபெரும் சோதனையிலும், உன் கருத்து என்ன என்று அந்தச் சிறுவரிடம் கேட்டார்கள்! மகன் பெரியவரான பிறகும் இரண்டு முறை தேடி வந்து, வீட்டில் காணாமல் திரும்பினார்கள். மூன்றாம் முறை வந்தபோது, ஸம்ஸம் அருகே ஒரு மரத்தடியில் மகன் அம்பு சீவிக்கொண்டிருந்தார். தந்தையைக் கண்டதும் எழுந்து வந்தார். தந்தை மகனிடமும் மகன் தந்தையிடமும் நடந்துகொள்ளும் விதமாக இருவரும் நடந்துகொண்டார்கள் என்று ஹதீஸ் சொல்கிறது. பிறகு மகன் கல் எடுத்துக் கொடுக்க, தந்தை கட்ட, கஃபா எழுந்தது. விட்டுப் போனதை மட்டும் எடுத்துக்கொண்டு, தேடி வந்ததையும் கேட்டதையும் சேர்ந்து கட்டியதையும் விட்டுவிட்டால் அது இப்ராஹீம் (அலை) அவர்களின் வழியாகாது.

சபர் என்பது வேதனையின் ஒரு துண்டு, ஊணையும் உறக்கத்தையும் அது தடுத்துவிடுகிறது, ஆகவே போன காரியம் முடிந்ததும் விரைந்து குடும்பத்திடம் திரும்புங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் கூறிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. போன காரியம் முடிந்ததும் என்ற இடத்தில்தான் நம் தவறு இருக்கிறது. நம் காரியம் முடிவதே இல்லையே! கடன் அடைந்ததும் வந்துவிடுவேன் என்று போனவர், வீடு கட்டி முடித்ததும் வருவேன் என்கிறார். வீடு முடிந்தால் மேல்மாடி. மேல்மாடி முடிந்தால் மகளுக்குக் கல்யாணம்.

இந்த இடத்தில் சபுராளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கைக்கூலி கேட்கும் ஊர் அவரை வரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. மஹர் கொடுத்து மணமுடிக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, பெண் வீட்டாரிடம் பவுனும் ரொக்கமும், சில ஊர்களில் குடியிருக்க வீடும் எதிர்பார்க்கிறோம். மூன்று பெண் பிள்ளைகள் உள்ள ஒரு தகப்பனார் என்ன செய்வார்? மூன்று வீடு கட்டும்வரை பாலைவனத்தில் நிற்பார். அந்த மூன்று பெண்களும் வாப்பாவின் குரலைப் போனில் கேட்டே வளர்ந்து, வாப்பா அனுப்பிய நகையைப் போட்டுக்கொண்டு, வாப்பாவுக்கு லீவு கிடைக்காத ஒரு தேதியில் மணமேடை ஏறுவார்கள். பிள்ளையிடமிருந்து தகப்பனைப் பிரித்ததில் கைக்கூலி வாங்கிய ஒவ்வொரு மாமியார் வீட்டுக்கும், அதை வாங்கிக் கொடுத்த தரகருக்கும், நிக்காஹ் ஓதிவிட்டு வாய் மூடி வந்த என் போன்ற ஆலிம்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஆலிம்களைப் பற்றிச் சொன்னதால் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவர்களுடைய கூட்டத்து வாலிபர்களும் மார்க்கம் கற்க மதீனா வந்து இருபது இரவுகள் தங்கியிருந்தார்கள். வீட்டு நினைவு அவர்களுக்கு வந்துவிட்டதை நபியவர்கள் தாமாகவே உணர்ந்து, யார் யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, உங்கள் குடும்பத்தாரிடம் திரும்பிச் செல்லுங்கள், அவர்களோடு தங்கியிருங்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். மஸ்ஜிதுன் நபவியில், நபியவர்களின் காலடியில் ஓதுவதை விடவும் பெரிய காரியம் உண்டா? அங்கிருந்தே திருப்பி அனுப்பினார்கள்! இந்த ஹதீஸை நான் ஓதிப் பல வருடங்கள் ஆகின்றன. நான் இமாமாக இருக்கும் ஊர் வேறு. என் குடும்பம் இருக்கும் ஊர் வேறு. மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்குப் போவேன். இங்கே மக்தபில் அறுபது பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். என் மூத்த மகளுக்கு ஃபாத்திஹா சூரா ஓதிக்கொடுத்தது அவள் உம்மா. ஒருமுறை ஊர் போயிருந்தபோது அவள் ஓதியதில் ஒரு எழுத்தைத் திருத்தினேன். "உம்மா இப்படித்தான் சொல்லித் தந்தாங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மேலே ஓதிப் போனாள். அறுபது பிள்ளைகளின் உஸ்தாதுக்கு அவள் வீட்டில் இடம் இல்லை. திண்ணையில் அந்தச் சகோதரர் பேசியபோது நான் சட்டென்று ஆறுதல் சொல்லி அனுப்பியதன் காரணம் எனக்குத் தெரியும்.

தூரத்தில் இருப்பவர்களையாவது தூரம் என்று சொல்லித் தப்பவிடலாம். ஊரிலேயே இருந்துகொண்டு சபுராளியாக வாழ்கிறவர்களை என்ன சொல்வது? காலையில் பிள்ளை எழும் முன் கடைக்குப் போய், இரவு அது தூங்கிய பின் வருகிறார். கடை அடைத்த நாளிலும் டீக்கடைப் பெஞ்சில் அரசியல். வீட்டில் உட்கார்ந்தாலும் கையில் செல்போன். பிள்ளை ஏதோ சொல்கிறது, இவர் தலை நிமிராமலே "ம்" என்கிறார். ஹஸன் (ரலி) அவர்களை நபியவர்கள் முத்தமிட்டதைக் கண்டு, எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று அக்ரஃ இப்னு ஹாபிஸ் அவர்கள் சொன்னார்கள். நபியவர்கள் அவரை ஏறிட்டுப் பார்த்து, இரக்கம் காட்டாதவர் மீது இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தில் பதிலளித்தார்கள். அந்தப் பத்துப் பிள்ளைகளும் அவர் வீட்டில்தானே இருந்திருப்பார்கள்!

காலம் மாறிவிட்டது, பெண்கள் மாறிவிட்டார்கள் என்று குறைப்படுகிறவர்களும் உண்டு. பெண் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகிறாள், வங்கிக்குப் போகிறாள், ஸ்கூட்டரில் பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோகிறாள், படித்தவள் வேலைக்கும் போகிறாள் என்கிறார்கள். நான் கேட்கிறேன்: அவள் போகாவிட்டால் யார் போவது? ஆண் காலி செய்த இடத்தில் அவள் நிற்கிறாள். தாயாகவும் தந்தையாகவும் இரட்டைச் சுமையைத் தூக்குகிறாள். அதைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு பக்கத்தைப் போய்ப் பிடிக்க வேண்டாமா?

பிடித்தால் ஊர் சிரிக்கிறதாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்தால் "பெண்டாட்டி சொன்ன வேலையா?" என்கிறார்களாம். கைக்குழந்தையின் துணியை அலசிப் போட்டால் அதைவிடக் கேலி. இவர்களுக்காகவே ஒரு ஹதீஸ் இருப்பதாக நான் நினைப்பதுண்டு. நபியவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி மக்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். ருகூவுக்குப் போகும்போது இறக்கி வைப்பார்கள். எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பெண் குழந்தையை இழிவாகக் கருதிய ஒரு நாட்டில், பின்னால் ஸஃப் ஸஃப்பாக ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, தொழுகையிலேயே தூக்கினார்கள். வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். வீட்டு வேலையும் பள்ளிவாசலும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன. பிள்ளையைத் தூக்கும் தகப்பன் இன்றைய நாகரிகம் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும்.

உண்மையிலேயே வேறு வழியில்லாமல் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். போன் பேசும்போது "நல்லா படிக்கிறியா? உம்மா பேச்சைக் கேட்கிறியா?" என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திவிடாதீர்கள். இன்று என்ன விளையாடினாய், யாரோடு சண்டை போட்டாய், மக்தபில் எந்தச் சூரா என்று கேளுங்கள். ஓதச் சொல்லி முழுவதும் கேளுங்கள். தினம் ஒரே நேரத்தில் பேசினால் பிள்ளை அந்த நேரத்தை எதிர்பார்க்கும். விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு வருகிறீர்கள். பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி உட்காருகிறார்கள். மிட்டாயும் பொம்மையும் பெட்டிக்குள் தீர்ந்துபோன பிறகு உங்களைச் சுற்றி உட்கார ஏதேனும் வைத்திருங்கள். பிள்ளைகளின் உம்மாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடம்பிடிக்கும் பிள்ளையிடம் "வாப்பாகிட்ட சொல்லிடுவேன்", "வாப்பா வரட்டும், அப்புறம் இருக்கு உனக்கு" என்று மிரட்டாதீர்கள். தூரத்தில் இருக்கும் மனிதரைப் பூச்சாண்டியாக்கி வைத்தால், அவர் வாசலில் வந்து நிற்கும்போது பிள்ளை எப்படி ஓடி வரும்? நபியவர்கள் பயணத்திலிருந்து திரும்பும்போது குடும்பத்துச் சிறுவர்கள் எதிர்கொண்டு அழைத்து வரப் போவார்கள். அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்களை முன்னாலும், ஃபாத்திமா (ரலி) அவர்களின் மகன்களில் ஒருவரைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு, ஒரே வாகனத்தில் மூன்று பேராக மதீனாவுக்குள் நுழைந்தார்களாம்.

அந்தச் சகோதரரை மறுநாளே தேடிப் போய், முதல் நாள் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். பிள்ளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்காதீர்கள். அவன் இருக்கும் இடத்தில் நீங்கள் போய் உட்காருங்கள். அவன் தட்டில் சாப்பிடுங்கள். அவன் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். தொழ வரும்போது கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள், ஸஃப்பில் ஓடினால் ஓடட்டும், ஜமாஅத்தாரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். கேட்டுக்கொண்டார். விசா முடிந்ததும் ஊரிலேயே ஏதாவது பார்க்கலாமா என்ற யோசனையும் இருக்கிறது, வீட்டில் பேசவேண்டும் என்றார். அதை அவருடைய மஷூராவுக்கே விட்டுவிட்டேன்.

பத்து நாள் இருக்கும். அஸருக்கு ஹவ்ளுக்கரையில் இருவரையும் கண்டேன். பையன் வழுக்கி விழாமல் வாப்பா பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, அவன் ஒரே காலை நான்கைந்து முறை கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய், "என்ன தம்பி, இவங்க யாரு?" என்று கேட்டேன். பையன் பதில் சொல்லவில்லை. ஈரக் கையோடு வாப்பாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு, என் கண்ணில் படாமல் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அவருக்கு இன்னும் பத்தொன்பது நாள் லீவு பாக்கி இருந்தது. "துஆ செய்யுங்க ஹஜ்ரத்" என்றார். செய்தேன். நீங்களும் செய்யுங்கள்.